ஸ்பைஸ்வுட் ரோட்டுக்குச் சாவி வேண்டாம்

அர்வெட்டா ஐசன் பள்ளிக்கூட பஸ்ஸை டால்சன் கவுண்டி கோர்ட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தியபோது காலை எட்டே முக்கால். காலைச் சவாரி முடிந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். அன்றைக்குச் செப்டம்பர் மாதத்து இரண்டாவது செவ்வாய், கோர்ட்டுக் கட்டடத்தில் கவுண்டி சபை கூடுகிற நாள். வாசலில் ஒரு இடம் காலி இல்லை. நாற்பதடி பஸ்ஸை அவள் என்ன பாக்கெட்டிலா போட்டுக்கொள்ள முடியும். நின்றிருந்த வண்டிகளுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினாள். அதில் ஒன்று 'ஜட்ஜ்' என்று பலகை நட்ட இடத்தில் நின்ற வெள்ளை ட்ரக். பார்க்காமல் நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது.

ஜட்ஜ் என்றால் வழக்கு விசாரிக்கிற ஜட்ஜ் இல்லை. அந்தப் பக்கத்தில் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரோடு, பாலம், குப்பை, தெருநாய் எல்லாம் அவர் பொறுப்பு. இப்போதைய ஜட்ஜ் ராண்டல் ப்ராட். மூன்றாம் வகுப்பிலிருந்து அர்வெட்டாவின் பஸ்ஸில் வந்த பையன். முப்பத்தோரு வருஷமாக பஸ் ஓட்டுகிறாள் என்பதால், அந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே யாரைப் பார்த்தாலும் அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்தவனாக இருப்பான், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனாக இருப்பான்.

கதவருகே காவலுக்கு டெபுடி ஓடிஸ் மெட்டல் டிடெக்டரோடு உட்கார்ந்திருந்தான்.

"கத்தி இருக்கா மிஸ் அர்வெட்டா?"

"இல்லாம எப்படி."

மிஸ் என்பது அந்த ஊரில் வயசான பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதை. கத்தி அவள் புருஷன் ஹோபர்ட்டின் மடக்குக் கத்தி. ஓடிஸ் மேஜையில் கேக் சுடுகிற குழித்தட்டு ஒன்று இருந்தது. குழிக்கு ஒரு கத்தி, கத்திக்கு ஒரு பெயர்ச் சீட்டு. கத்தி இல்லாமல் அந்த ஊரில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை என்பதால் தட்டில் ஒரே ஒரு குழிதான் மிச்சம் இருந்தது. பஸ்ஸை நகர்த்தணுமே என்று ஓடிஸ் இழுத்தான். நகர்த்துவேன், வேலை முடியட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் வேலை இதுதான். ஸ்பைஸ்வுட் ரோடு என்று ஒன்று. ரோடு என்ன ரோடு, ஓடையை ஒட்டி ஏறுகிற ஒண்ணேகால் மைல் ஜல்லிப் பாதை. மேலே குன்றின் உச்சியில் ஐசன் வம்சத்துக் கல்லறை. நூற்றிப் பதினாலு பேர் அங்கே கிடக்கிறார்கள். ஹோபர்ட் போன வருஷம் மார்ச்சில் போய்ச் சேர்ந்தான். சிவப்புக் கல்லில் இடது பக்கம் அவன் பெயர். வலது பக்கம் அர்வெட்டாவின் பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெறுங்கல். கல் வெட்டுகிறவன் ரெண்டு பெயரையும் ஒரே தடவையில் வெட்டினால் தோது என்றான், சரி என்றுவிட்டாள். முதல் தடவை தன் பெயரைக் கல்லில் பார்த்தபோது சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டது.

அந்தக் குன்றையும் சுற்றியிருக்கிற முன்னூறு ஏக்கரையும் லெக்சிங்டன் நகரத்துக்காரர் ஒருவர் மான் வேட்டைக்கென்று வாங்கினார். ஜூலை மாதம் கல்யாண நாளன்று பூ எடுத்துக்கொண்டு போன அர்வெட்டா, ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் புது இரும்பு கேட்டையும் பூட்டையும் பார்த்தாள். பூவை கேட்டில் செருகிவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் கோர்ட்டுக்கு வந்து கேட்டபோதுதான், கீழ்த்தளத்தில் கழிவறைக்குப் பக்கத்துப் பலகையில், நாய் லைசென்ஸ் அறிவிப்புக்கும் ரத்ததான முகாமுக்கும் நடுவில், அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. ஸ்பைஸ்வுட் ரோட்டை யாரும் உபயோகிக்காத காரணத்தால் கவுண்டி அதைக் கைவிட்டு, நிலத்துக்காரருக்கே விடப்போகிறது. ஆட்சேபணை இருப்பவர்கள் செப்டம்பர் கூட்டத்தில் சொல்லலாம்.

அதற்காகத்தான் வந்திருந்தாள். பத்து மணிக் கூட்டத்துக்கு முன்னால் பத்திர அறையில் நெடீனைப் பார்த்தாள். நெடீன் கவுண்டி கிளார்க். பத்திரம், கல்யாண லைசென்ஸ், வண்டி நம்பர், சபையில் யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு, எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்து, இது பொது ரெக்கார்டு, யார் வேணும்னாலும் படிக்கலாம் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மூணாவது பக்கத்தை நிதானமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு நம்பர் பிளேட் கொடுக்கப் போய்விட்டாள்.

மூணாவது பக்கம் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் அறிக்கை. ஒரு ரோட்டைக் கைவிடுவதற்கு முன்னால் உள்ளூர் ஆள் ரெண்டு பேர் நேரில் நடந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அர்வெட்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'மே 24, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு ரோட்டை முழுவதும் நடந்து பார்த்தோம். முழங்கால் உயரம் புல். ஆள் நடமாட்டத்துக்கு அடையாளம் இல்லை. கல்லறை எதுவும் கண்ணில் படவில்லை.'

கீழே ரெண்டு கையெழுத்து. ஒன்று போன மாதம் செத்துப்போன ஆளுடையது. இன்னொன்று கார்ல் டீன் ஐசன். ஹோபர்ட்டின் சித்தப்பா மகன்.

அவள் தேதியை மறுபடி படித்தாள். சிரிப்பு வந்தது. மே மாதத்துக் கடைசி ஞாயிறு கல்லறை அலங்கரிக்கிற ஞாயிறு. எந்த ஊருக்குப் பிழைக்கப் போனவனும் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவான். அதற்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் மேலே ஏறிப் புல் வெட்டி, கல்லைக் கழுவி, மரத்தடியில் சாப்பாட்டை விரித்து உட்காருவார்கள். இந்த மே இருபத்தி நாலாம் தேதி அங்கே நாற்பத்தி மூணு பேர் இருந்தார்கள். கோழி வறுவலை அவளே எண்ணிப் போட்டாள். கார்ல் டீனுக்கு ரெண்டு தொடை.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தாழ்வாரத்தில் குளிர்பான மெஷினுக்குப் பக்கத்தில் கார்ல் டீன் வந்து நின்றான். அறுபது வயது ஆள், தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். ஜட்ஜ் ஆபீசிலிருந்து போன் பண்ணிக் கடைசியாக எப்போது அங்கே போனாய் என்று கேட்டார்கள், அலங்கார ஞாயிறுக்கு முந்தின நாள் என்று சொன்னேன், அவ்வளவுதான் நான் சொன்னது என்றான். ஒரு வாரம் கழித்துக் காகிதம் வந்தது. படிக்கிற கண்ணாடி ட்ரக்கில் இருந்தது, படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"அத எதுவும் கெளறாத அர்வெட்டா. என் பையன் ரோடு டிபார்ட்மெண்ட்ல ஜல்லி வண்டி ஓட்டுறான். எல்லாம் ராண்டல் கையில இருக்கு. என்னைக் கேட்டா கையெழுத்து என்னோடதுதான்னு மட்டும் சொல்லுவேன்."

"உன் பையனும் என் பஸ்ல வந்தவன்தான். அவன் வேலை போகணும்னு எனக்கு என்ன ஆசையா? ஆனா அந்தப் பேப்பர நான் எழுதல, கார்ல் டீன்."

"ஹோபர்ட் இருந்தா இத இப்படிப் பண்ண மாட்டான்."

"ஹோபர்ட் இருந்தா உன்ன ஓடையில தள்ளியிருப்பான். நான் வாயால தானே கேக்கப் போறேன்."

கூட்டம் மேல்தளத்தில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் ராண்டல், அவனுக்கு ரெண்டு பக்கமும் சபை உறுப்பினர்கள் நாலு பேர், ஓரத்தில் குறிப்பு எழுத நெடீன். பின்னால் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர். ஸ்பைஸ்வுட் ரோடு பட்டியலில் மூணாவதாக இருந்தது. ராண்டல் தொண்டையைச் செருமி, லெக்சிங்டனிலிருந்து நிலத்துக்காரரின் வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம் என்றான். கடைசி என்றால் சாப்பாட்டுக்கு அப்புறம், மூணு மணிக்கு. ரெண்டேகாலுக்கு அர்வெட்டா பள்ளிக்கூடத்தில் பஸ்ஸோடு நிற்க வேண்டும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ராண்டலுக்கு நன்றாகவே தெரியும், ஒன்பது வருஷம் அவன் ஏறிய பஸ்.

அர்வெட்டா முதல் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். குப்பை லாரி ஒப்பந்தம் ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு பாலத்துக்கு யார் பெயர் வைப்பது என்று முக்கால் மணி நேரம். பதினொண்ணே முக்காலுக்கு ராண்டல் கடிகாரத்தைப் பார்த்தான். பக்கத்துக் கவுண்டியில் மாநில ரோடு அதிகாரிகளோடு அவனுக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு அங்கே இருந்தாக வேண்டும். கூட்டத்தை ஒன்றரைக்கு ஒத்திவைக்கிறேன் என்று அவன் வாயைத் திறக்கிற நேரத்தில் ஓடிஸ் உள்ளே வந்து அவன் காதில் குனிந்தான். ராண்டல் முகம் மாறியது.

"மிஸ் அர்வெட்டா, உங்க பஸ் என் ட்ரக்குக்குப் பின்னாடி நிக்குது."

"ஆமா ராண்டல்."

"கொஞ்சம் நகர்த்துறீங்களா."

"என் விஷயத்த எடுத்து முடிங்க. நானும் பஸ்ஸ எடுக்கறேன்."

பெஞ்சில் யாரோ தொடையில் தட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூட பஸ் டிப்போவுக்குப் போன் போடச் சொன்னான் ராண்டல். போட்டாகிவிட்டது, எடுக்கவில்லை என்றான் ஓடிஸ். டிப்போ சூப்பர்வைசரின் பெண்டாட்டி ஐசன் வீட்டுப் பெண், இன்றைக்கு முழுக்க அவன் போனை எடுக்கப்போவதில்லை என்பது ஓடிஸுக்கும் தெரியும், ஆனால் அதைச் சொல்லவில்லை.

"பஸ்ஸ இழுத்துட்டுப் போகச் சொல்ல முடியும், மிஸ் அர்வெட்டா."

"சொல்லு. ரெண்டரைக்கு அறுபத்தி ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூட வாசல்ல நிக்கும். அவங்க அம்மாக்களுக்கு யார் போன் பண்றதுன்னும் சொல்லிடு."

மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஃபெல்டன், சபையில் மூத்தவர், எண்பதைத் தொட்ட மனுஷன், அப்போது கண்ணைத் திறந்தார். வக்கீல் வருகிற வழியைக் காணோம், எடுத்து முடியப்பா, எனக்கும் பசிக்கிறது என்றார்.

ராண்டல் எடுத்தான். ஆனால் அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. குரலை இளக்கிக்கொண்டான். நம் ஊர்க் குடும்பங்களின் மனசு புண்படக்கூடாது என்று நிலத்துக்காரரிடம் தானே பேசியதாகச் சொன்னான். ஒரு உறையை எடுத்து மேஜையில் கவிழ்த்தான். சாவி ஒன்று விழுந்தது, பச்சை நாடா கட்டியிருந்தது.

"இது உங்களுக்குத்தான், மிஸ் அர்வெட்டா. உங்க குடும்பத்துக்கு. ரெண்டு நாள் முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு எப்ப வேணா போய்க்கலாம். வேட்டை சீசன்ல மட்டும் வேணாம்னு கேட்டுக்கறார். நியாயமான மனுஷன்."

அர்வெட்டா எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் போனாள். சாவியைத் தொடவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவள் வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தார்கள். அவளுக்கே ஒரு நிமிஷம் கை வந்தது. வாங்கினால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் ஹோபர்ட்டின் கல்லைத் துடைத்துவிட்டு வரலாம். கார்ல் டீனை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ரெண்டு மாதமாக அந்தக் கல்லின்மேல் பறவை என்னென்ன பண்ணி வைத்திருக்கிறதோ.

"ராண்டல், அந்தக் கல்லுல என் பேரும் வெட்டியிருக்கு. உனக்குத் தெரியும், நீ அடக்கத்துக்கு வந்திருந்த. அந்த ரோட்டுல எனக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருக்கு. அன்னைக்கு ரெண்டு நாள் முன்னாடி என்னால போன் பண்ண முடியாது."

அவள் சாவியை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"சாவி வாங்குனா நான் அவர் வீட்டுக்குப் போற விருந்தாளி. அது கவுண்டி ரோடு. நான் அந்த ரோட்டுல பதினோரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், மேல ரெண்டு வீடு இருந்த காலத்துல. பனியில ஓட்டியிருக்கேன். யார்கிட்டயும் கேட்டுட்டு ஓட்டல. இப்பவும் கேக்க மாட்டேன். இத நீயே எடுத்து வை."

ராண்டலின் காது சிவந்தது. மரியாதைக்குத்தான் சாவி, சட்டப்படி பார்த்தால் அதுகூடத் தேவையில்லை என்றான். அறிக்கை இருக்கிறது, ரெண்டு பேர் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், யாரும் உபயோகிக்காத ரோட்டுக்கு ஜல்லி கொட்ட முடியாது என்றான்.

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்கதான் இருக்கார். நான் ரெண்டு வார்த்தை கேக்கலாமா?"

ராண்டல் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஃபெல்டன் கேட்கட்டுமே என்றார்.

கார்ல் டீன் கடைசி பெஞ்சில் இருந்தான். அர்வெட்டா திரும்பி நின்றாள். அவன் கண்ணைப் பார்க்காமல் கேட்டுவிடலாம் என்று தோன்றியது, பிறகு பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கார்ல் டீன், மே இருபத்தி நாலு காலையில பத்து மணிக்கு நீ எங்க இருந்த?"

அவன் ராண்டலைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். சுவரில் பழைய ஜட்ஜுகளின் படம் வரிசையாகத் தொங்கியது, அதையும் பார்த்தான்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுதான்."

"கையெழுத்த நான் கேக்கல. நீ எங்க இருந்த?"

நெடீன் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"மேல இருந்தேன்."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"புல்லு வெட்டிட்டிருந்தேன்."

"யாரோட மெஷின்?"

"ஹோபர்ட்டோடது." இப்போது அவனாகவே பேசினான். "நாப்பது பேருக்கு மேல இருந்தாங்க, ஜட்ஜ். எங்கம்மா தலைமாட்டுல நான் நின்னுட்டிருந்தேன். அந்தப் பேப்பர்ல இருக்கறது ஒண்ணும் நான் சொன்னது இல்ல. தேதி மட்டும்தான் நான் சொன்னது."

"அப்ப நீ ரோட்ட நடந்து பாக்கவே இல்லையாப்பா?" என்று ஃபெல்டன் கேட்டார்.

"நடந்தேங்க. ஒரு கையில மெஷினு, ஒரு கையில கோழித் தொடை."

அறை முழுக்கச் சிரித்தது. ராண்டல் மட்டும் சிரிக்கவில்லை. காகிதங்களை அடுக்கித் தட்டினான். தேதியில் பிழை நேர்ந்திருக்கலாம், அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், இப்போதைக்கு ரோட்டைக் கைவிடுகிற தீர்மானத்தை யாராவது முன்மொழியுங்கள் என்றான். அவன் வலப்பக்கத்து ஆள், அவனோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறவன், கையைப் பாதி தூக்கி முன்மொழிந்தான்.

"வழிமொழியறது யாரு?"

ஒருத்தன் தண்ணீர் குடித்தான். ஒருத்தன் பேனாவைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தான். ஃபெல்டன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ராண்டல் இன்னொரு தடவை கேட்டான். கீழே தெருவில் ஒரு லாரி கியர் மாற்றிப் போவது கேட்டது.

"வழிமொழிஞ்சது யாருன்னு எழுதட்டும், ஜட்ஜ்?" என்று நெடீன் கேட்டாள். கோர்ட்டில் இருபது வருஷமாக அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

யாரும் இல்லை. வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் ஓட்டுக்கே போகாது, அங்கேயே செத்தது. நெடீன் அப்படியே எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

அர்வெட்டா பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். சாவி மேஜைமேலேயே கிடந்தது. ஓடிஸ் தட்டிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தான். எழுந்து நின்று கொடுத்தான், அவ்வளவுதான்.

பஸ்ஸின் கதவுக்குப் பக்கத்தில் கார்ல் டீன் நின்றுகொண்டிருந்தான். கேட் இன்னும் பூட்டித்தானே இருக்கிறது, லெக்சிங்டன்காரன் சும்மா விடுவானா, வக்கீலை வைத்து அடுத்த மாசம் மறுபடி வருவானே என்றான். வரட்டும், அடுத்த மாசமும் இங்கே பஸ் நிறுத்த இடம் இருக்கும் என்றாள்.

"கவுண்டி ரோட்டுல எவனாவது கேட் போட்டா அதக் கழட்டுறது கவுண்டி வேலை. ஜல்லி வண்டியில உன் பையன் சும்மாத்தானே சுத்துறான்."

"அவனுக்கு வேலை இருக்குமா இனிமே."

"தெரியல, கார்ல் டீன்." அவள் பொய் சொல்லவில்லை. "பறிச்சா, அடுத்த கூட்டத்துல அதையும் கேப்பேன். உனக்காக இல்ல. உங்கம்மாவுக்காக."

அதற்குள் ராண்டல் படி இறங்கி வந்து ட்ரக்கில் ஏறியிருந்தான். மணி பன்னிரண்டு இருபது. கண்ணாடியை இறக்கி, மிஸ் அர்வெட்டா, கொஞ்சம் சீக்கிரம் என்றான். அதில் பழைய பஸ் பையனின் கெஞ்சல் கொஞ்சம் இருந்தது. அவளுக்கும் கேட்டது.

"எடுக்கறேன் ராண்டல். பஸ்ஸ எடுக்கறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கணும். சட்டம்."

நிஜமாகவே சட்டம்தான். பள்ளிக்கூட பஸ்ஸைக் கிளப்புமுன் டிரைவர் முழு வண்டியையும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் அவள் அதை விட்டதில்லை, ஆனால் இத்தனை அக்கறையாக என்றைக்கும் செய்ததும் இல்லை. ஆறு டயரையும் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். கண்ணாடிகளைத் துடைத்தாள். அவசரக் கதவைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடினாள். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாள், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். கோர்ட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. ராண்டல் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியாக ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கார்ல் டீன், பின்னால போய் நில்லு. பிரேக் லைட் எரியுதான்னு சொல்லு."

அவன் போய் நின்றான். அவள் மிதித்தாள்.

"எரியுது."

"பாத்துட்டுத்தானே சொல்ற?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன், அர்வெட்டா. ரெண்டும் எரியுது."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்து இண்டிகேட்டரைப் போட்டாள், முதலில் இடது பக்கம்.